என்ஜினுக்கு எத்தனை மணி மிச்சம்?

பழைய சிறு விமானம் வாங்குகிறவர்கள் போடவேண்டிய ஓவர்ஹால் கணக்கு

அமெரிக்காவில் பழைய செஸ்னா விமானம் விற்பனைக்கு என்று விளம்பரம் வந்தால், வாங்க நினைப்பவர் அதில் முதலில் தேடுவது ஓர் எண்ணை. கடைசியாக ஓவர்ஹால் செய்த பிறகு என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது? சந்தை வழக்கில் அதற்கு ‘எஸ்எம்ஓஎச்’ என்று பெயர். 400 என்று போட்டிருந்தால் விற்பவரின் போன் ஓயாது. 1,900 என்று போட்டிருந்தால் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவர்கள் மட்டுமே வருவார்கள்.

விலைக் கையேடுகளும் இதே வழியில்தான் போகின்றன. வீரெஃப், ஏர்கிராஃப்ட் புளூபுக் போன்றவை ஓவர்ஹால் ஆயுளில் பாதி கழிந்த என்ஜினை நடுநிலையாக வைத்துக்கொள்ளும். அதைவிடக் குறைவாக ஓடியிருந்தால் மணிக்கு இவ்வளவு என்று கூட்டும். அதிகம் ஓடியிருந்தால் கழிக்கும். என்ஜின் ஓடி மட்டுமே தேயும் என்றால் இது சரியான கணக்குதான். ஆனால் சிறு விமான என்ஜின்களில் பல, ஓடித் தேய்வதற்கு முன்பே நின்று கெட்டுவிடுகின்றன. அந்தச் செலவு வாங்கியவர் தலையில் விடிகிறது.

ஐம்பது வயதுச் சந்தை

செஸ்னா 172 விமானத்தையே எடுத்துக்கொள்வோம். 1956-ல் விற்பனைக்கு வந்த இந்த நாலு இருக்கை விமானம் இதுவரை 44,000-க்கும் மேல் தயாராகியிருக்கிறது. உலகில் இதைவிட அதிக எண்ணிக்கையில் உருவான விமானம் வேறு கிடையாது. 1980-களில் விபத்து வழக்குகளும் இழப்பீட்டுக் காப்பீட்டுச் செலவும் கழுத்தை நெரித்ததால், 1986-ல் செஸ்னா இதன் தயாரிப்பை நிறுத்தியது. 18 ஆண்டுகளைத் தாண்டிய சிறு விமானத்துக்காகத் தயாரிப்பாளர் மீது பொதுவாக வழக்குப் போட முடியாது என்று 1994-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. அதன் பிறகே 1996-ல் உற்பத்தி மறுபடி தொடங்கியது.

அதனால் நடுத்தர வருமானக்காரர் கைக்கு எட்டும் விமானங்கள் பெரும்பாலும் 1960, 70-களில் பிறந்தவை. டென்னசி மாநிலத்தின் கிராஸ்வில்லிலிருந்து 1937 முதல் மஞ்சள் தாளில் வந்த ‘டிரேட்-எ-பிளேன்’ விளம்பர இதழைப் புரட்டிப் பழகியவர்களுக்கு ஐம்பது வயது விமானம் ஒரு பொருட்டே அல்ல. அலுமினிய உடம்பு அரிக்காமல் பார்த்துக்கொண்டால் பல ஆயிரம் மணி நேரம் தாங்கும். என்ஜினின் கதை வேறு. அதை அவ்வப்போது முழுவதுமாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டித்தான் ஆகவேண்டும். 172-ன் என்ஜினை நல்ல பட்டறையில் ஓவர்ஹால் செய்ய இன்று ஏறக்குறைய 25,000 முதல் 40,000 டாலர் வரை ஆகிறது. விமானத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்கை, சில சமயம் பாதியையே, இது விழுங்கிவிடும்.

2,000 மணி யாருக்குச் சட்டம்?

1968 முதல் 172-ல் வருவது பென்சில்வேனியா மாநிலம் வில்லியம்ஸ்போர்ட்டில் உள்ள லைகமிங் நிறுவனத்தின் என்ஜின். அதற்கு முன் கான்டினென்டல் ஓ-300 இருந்தது. லைகமிங் ஓ-320 என்ஜினுக்கு நிறுவனம் பரிந்துரைக்கும் ஓவர்ஹால் இடைவெளி 2,000 மணி. ‘டிபிஓ’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கான்டினென்டல் ஓ-300-க்கு 1,800 மணி.

இந்த இலக்கத்தை அறிவிக்கும் லைகமிங்கின் 1009-ம் எண் சேவைக் குறிப்பில், விளம்பரங்களில் இடம்பெறாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, மணிக்கணக்கு முடியாவிட்டாலும் 12 ஆண்டுகளில் ஓவர்ஹால் செய்துவிட வேண்டும். மற்றொன்று, மாதம் 40 மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து பறக்கும் என்ஜினுக்குக் கூடுதலாக 200 மணி அனுமதி உண்டு. அதிகம் ஓடுவது ஆயுளைக் கூட்டும் என்று தயாரித்தவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். இறைக்கிற கிணறு ஊறும் என்பது இங்கேயும் உண்மை.

சொந்த உபயோகத்துக்குப் பறப்பவரை இந்த 2,000 மணியும் 12 ஆண்டும் சட்டப்படிக் கட்டுப்படுத்துவதில்லை. ஆண்டுச் சோதனையில் மெக்கானிக் கையெழுத்துப் போட்டால் 2,300 மணி ஓடிய என்ஜினோடும் பறக்கலாம். வாடகைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் நிறுவனங்களுக்குத்தான் பொதுவாக டிபிஓ தாண்டக்கூடாத கோடு.

உள்ளே என்ன நடக்கிறது

நின்றுகிடக்கும் லைகமிங்கில் முதலில் அடி வாங்குவது கேம்ஷாஃப்ட். வால்வுகளைத் திறந்து மூடும் இந்தத் தண்டு, லைகமிங்கில் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. என்ஜின் ஓடும்போது கீழிருந்து தெறிக்கும் எண்ணெய்தான் அதற்குப் பாதுகாப்பு. என்ஜினை நிறுத்தியதும் எண்ணெய் மெல்ல வடிந்துவிடும். வாரக்கணக்கில் நின்றால் ஈரக்காற்றும், எரிந்த பெட்ரோலின் அமிலமும் அந்த உலோகத்தில் பொட்டுப் பொட்டாகத் துருவை ஏற்றும். பிறகு ஓட்டும்போது அந்தப் பொட்டுகள் உதிர்ந்து குழியாகும். குழி விழுந்த கேம் தன்மேல் உரசும் டாப்பெட்டைத் தின்னும். உதிரும் இரும்புத்தூள் எண்ணெயோடு சேர்ந்து என்ஜின் முழுக்கச் சுற்றும். கான்டினென்டலில் கேம்ஷாஃப்ட் கிராங்குக்குக் கீழே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு; ஆனால் அங்கேயும் சிலிண்டர் சுவர் துருப்பிடிக்கத் தடையில்லை.

“பறக்காவிட்டாலும் மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்தேன்” என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தரையில் பத்து நிமிடம் ஓட்டினால் எண்ணெயில் உள்ள நீர் ஆவியாகும் அளவுக்குச் சூடு ஏறாது. புதிதாக ஈரம் சேர்வதுதான் மிச்சம். விமானம் நின்ற ஊரையும் கேட்க வேண்டும். அரிசோனா பாலைவனத்தில் ஐந்தாண்டு நின்றதும், புளோரிடா கடற்கரையில் ஐந்தாண்டு நின்றதும் ஒன்றல்ல.

இரண்டு விமானம், ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக இரண்டு 172-களை வைத்துக்கொள்வோம். முதலாவது 400 மணி ஓடியது. விலை 95,000 டாலர். ஓவர்ஹால் நடந்து 20 ஆண்டு ஆகிறது. அதாவது ஆண்டுக்கு 20 மணிதான் பறந்திருக்கிறது. இரண்டாவது 1,900 மணி ஓடியது. விலை 70,000 டாலர். ஓவர்ஹால் நடந்து 15 ஆண்டு. ஆண்டுக்கு 120 மணிக்கு மேல் பறந்திருக்கிறது.

கழற்றிப் பூட்டும் கூலி உட்பட ஓவர்ஹாலுக்கு 36,000 டாலர் என்று வைத்தால், 2,000 மணிக்கு வகுக்க மணிக்கு 18 டாலர். முதல் விமானத்தில் 1,600 மணி மிச்சம், இரண்டாவதில் 100. வித்தியாசம் 1,500 மணி. காகிதக் கணக்கில் 27,000 டாலர். அதை 25,000 கூடக் கொடுத்து வாங்குவது லாபம் போலத்தான் தெரியும்.

ஆனால் சொந்தமாகப் பறப்பவர் ஆண்டுக்கு 80 மணி பறந்தாலே அதிகம். அந்த 1,600 மணியைத் தீர்க்க அவருக்கு 20 ஆண்டு வேண்டும். அப்போது ஓவர்ஹாலுக்கு வயது 40. 12 ஆண்டு என்று தயாரிப்பாளர் சொன்ன இடத்தில் 40 ஆண்டு ஓடும் என்று நம்பிப் பணத்தை முன்கூட்டியே கொடுக்கிறோம். 100 மணி பறந்ததும் கேம் போய்விட்டால் மொத்தச் செலவு 1,31,000 டாலர். இரண்டாவது விமானத்தை வாங்கி உடனே ஓவர்ஹால் செய்தாலும் 1,06,000-தான். அதுவும் பட்டறை நாம் தேர்ந்தெடுத்தது. உள்ளே என்ன போட்டார்கள் என்பதும் நமக்குத் தெரியும். அந்த என்ஜின் நல்ல நிலையில் இருந்து 2,300 மணி வரை ஓடினால் அந்தக் கூடுதல் ஓட்டம் விலை கொடுக்காமல் கிடைத்தது.

முதல் விமானத்தின் 400 மணி கடந்த நான்கு ஆண்டுகளில் ஓடியதாக இருந்தால் தீர்ப்பு மாறும். அப்போது அந்த 25,000 டாலரைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆகவே மணியைக் கேட்கும் அதே மூச்சில் ஓவர்ஹால் நடந்த தேதியையும் கேட்க வேண்டும்.

எந்த ஓவர்ஹால்?

அமெரிக்க விமானத்துறை விதிப்படி பிரித்து, கழுவி, சோதித்து, தேவையானதைப் பழுது பார்த்து, பூட்டி, ஓட்டிப் பார்த்தால் அது ஓவர்ஹால். புதிய பாகத்துக்குரிய அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. ‘தேய்மான எல்லைக்குள்’ இருக்கும் பாகத்தையே மறுபடி போடலாம். புதிய பாகத்தின் அளவுக்கே கொண்டுவந்து, பழைய மணிக்கணக்கை அழித்துப் புது லாக் புத்தகம் கொடுக்கும் ‘ரீபில்ட்’ உரிமை, தயாரிப்பாளருக்கும் அவர் அனுமதித்தவருக்கும் மட்டுமே உண்டு. இந்த இரண்டுக்கும் விலையிலும் தரத்திலும் பெரிய இடைவெளி இருக்கிறது. விளம்பரத்தில் பல சமயம் எல்லாம் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும்.

‘டாப் ஓவர்ஹால்’ என்றால் சிலிண்டர்களை மட்டும் பார்த்தது. கிராங்க், கேம், பேரிங் எதையும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். விற்பதற்காகவே அவசரமாகச் செய்த ‘ஜீரோ மணி’ ஓவர்ஹாலிலும் எச்சரிக்கை தேவை. தான் பறக்கப்போகாத என்ஜினுக்கு யாரும் விலை உயர்ந்த பாகம் வாங்கிப் போடுவதில்லை. எந்தப் பாகம் புதிது, எது பழையது என்ற பில்லும் ஒர்க் ஆர்டரும் இல்லாவிட்டால் அந்த ஜீரோவுக்குத் தனி விலை கிடையாது.

பட்டறை சொல்லும் தொகையும் கடைசித் தொகை அல்ல. மேக்னெட்டோ, கார்புரேட்டர், எண்ணெய்க் குழாய்கள், என்ஜின் மவுன்ட், புரொப்பல்லர் என்று ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் பில்லில் ஏறும். பழைய என்ஜினைக் கொடுத்து மாற்று என்ஜின் வாங்கும்போது, கொடுத்ததில் கிராங்க்ஷாஃப்ட் தேறாவிட்டாலோ என்ஜின் கூட்டில் விரிசல் இருந்தாலோ தனியாகப் பணம் கேட்பார்கள். சில மாதங்கள் விமானம் ஹேங்கரில் நிற்கும். அதற்கும் வாடகை ஓடும்.

ஒரு முற்பகல் சோதனை

வாங்குமுன் செய்யும் சோதனைக்கு, இதுவரை அந்த விமானத்தைப் பார்த்துவந்த மெக்கானிக்கை விட்டுவிட்டு நம் செலவில் வேறொருவரை அமர்த்துவது நல்லது. அவர் முதலில் என்ஜினைச் சூடேற்றி நிறுத்துவார். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்திக் கம்ப்ரஷன் பார்ப்பார். ஒருவர் புரொப்பல்லரை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும்; பிடி தளர்ந்தால் கையைப் பதம் பார்த்துவிடும். மீட்டர் 70-க்கு மேல் நின்றால் நிம்மதி. 60-க்குக் கீழே போனால் சிலிண்டரைக் கழற்ற யோசிக்கச் சொல்கிறது லைகமிங். காற்று எங்கே சீறுகிறது என்று காது கொடுத்துக் கேட்பார். புகைக்குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங்.

அதே பிளக் துவாரம் வழியே சின்னக் கேமராவை விட்டு வால்வின் முகத்தைப் பார்ப்பார். நிறம் வட்டமாக, சீராக இருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் பச்சையோ வெளுப்போ தெரிந்தால் அந்த வால்வு சூட்டில் வேகிறது. அடுத்து எண்ணெய் ஃபில்டரை வெட்டி, உள்ளே மடித்திருக்கும் காகிதத்தை வெயிலில் விரித்து, காந்தம் ஒன்றை அதன்மேல் ஓட்டுவார். காந்தத்தில் மினுங்கும் துகள் ஒட்டினால் கேம், டாப்பெட் மீது சந்தேகம். கம்ப்ரஷன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கேமைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கேமைக் கண்ணால் பார்க்க ஒரு சிலிண்டரைக் கழற்ற வேண்டும். பல வருடம் நின்ற விமானமாக இருந்தால் அதற்கு அனுமதி கேட்பதில் தப்பில்லை. மறுத்தால் ஓவர்ஹால் தொகையைக் கழித்து விலை கேட்கலாம்.

எண்ணெய்ச் செலவைப் பற்றியும் கேட்க வேண்டும். 150 குதிரைத்திறன் என்ஜினுக்கு லைகமிங் அனுமதிக்கும் உச்சம், மணிக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. லாக் புத்தகத்தில் புரொப்பல்லர் தரையில் அடித்ததாகப் பதிவு இருந்தால், கிராங்க்ஷாஃப்ட் பின்பக்கக் கியரைச் சோதித்தார்களா என்று பார்க்க வேண்டும்; லைகமிங்குக்கு அமெரிக்க விமானத்துறையின் 2004-ம் ஆண்டு உத்தரவுப்படி அது கட்டாயம். 1977 முதல் 1980 வரையிலான 172-என் மாடல் என்றால், அதன் ஓ-320-எச்2ஏடி என்ஜின் கேம், டாப்பெட் தேய்மானத்துக்குப் பேர்போனது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

புதுசுக்கும் ஆபத்து உண்டு

டிபிஓ முடிந்தால் என்ஜின் வெடித்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலன், ஹீப் இருவரும் 1978-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை, விமானப் பாகங்களில் 89 சதவீதத்துக்கு வயது வரம்பு வைத்து மாற்றுவதால் பயனில்லை என்றது. 68 சதவீதப் பாகங்கள் புதிதாகப் பொருத்திய ஆரம்பத்தில்தான் அதிகம் பழுதாகின. அது ஜெட் விமானங்களைப் பார்த்து எழுதியது என்றாலும், சிறு விமான மெக்கானிக்குகளிடையே நிலையைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் வளர அது வழிகாட்டியது. புதிதாக ஓவர்ஹால் செய்த என்ஜினோடு முதல் சில மணி நேரம் விமான நிலையத்தை விட்டு வெகுதூரம் போகாமல் பறப்பது அதனால்தான்.

ஆகவே டிபிஓவை எட்டிய, நன்றாகப் பறந்துகொண்டிருக்கும் விமானத்தை ஒதுக்க வேண்டியதில்லை. ஓவர்ஹால் இன்றே வரும் என்று விலை பேசி, என்ஜின் சொல்லும்வரை பறக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: 36,000 டாலர் வங்கியில் தனியாக இருக்க வேண்டும், அல்லது கடனாகக் கிடைக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும். விமானத்துக்கே கையிருப்பு முழுவதையும் கொட்டியவருக்கு 400 மணி என்ஜினும் ஆபத்துதான், 1,900 மணி என்ஜினும் ஆபத்துதான்.

அப்படிப்பட்டவருக்கு அமெரிக்கச் சிறு விமான நிலையங்களில் நெடுநாளாக வழக்கத்தில் உள்ள வழி, மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே விமானத்தை வாங்குவது. ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி பறந்தால் நாலு பேருக்கு 200 மணி. ஓவர்ஹால் வரும்போது ஆளுக்கு 9,000 டாலர். பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் 18 டாலரைப் பொதுக் கணக்கில் போட்டுவந்தால் அந்த நாள் வரும்போது பணமும் தயாராக இருக்கும். 2,000 மணி பத்தே ஆண்டில் தீர்ந்துவிடுவதால் 12 ஆண்டுக் கெடுவும் தாண்டாது. வாரம் தவறாமல் யாராவது ஒருவர் பறப்பதால் கேம்ஷாஃப்ட் துருப்பிடிக்கவும் நேரமிருக்காது.