கண் நன்றாகத்தானே தெரிகிறது?

சர்க்கரை நோயுள்ள இளைஞரிடம் “விழித்திரையைக் காட்டினீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். “கண் நன்றாகத்தானே தெரிகிறது?” என்பார். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நன்றாகத் தெரியும். விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சர்க்கரை பல ஆண்டுகள் அரித்தாலும் வலி இருக்காது, மங்கலும் இருக்காது. கடைசியில் பலவீனமான புதுக் குழாய்கள் முளைத்து, உடைந்து, கண்ணுக்குள் ரத்தம் பரவும். பலர் மருத்துவமனைக்கு ஓடிவருவது அப்போதுதான்.

முதல் வகை சர்க்கரை நோய் வந்து 20 ஆண்டு ஆனவர்களில் பெரும்பாலோருக்கு ஏதாவது ஓர் அளவில் விழித்திரைப் பாதிப்பு இருக்கும். 10 வயதில் இன்சுலின் தொடங்கிய பெண்ணுக்கு அந்த 20 ஆண்டு முடியும்போது வயது 30தான். இரண்டாம் வகை இளவயதிலேயே வந்துவிட்டால் பாதிப்பு இன்னும் வேகமாக வரக்கூடும். அதனால் இரண்டாம் வகைக்கு நோய் தெரிந்த உடனேயும், முதல் வகைக்கு ஐந்து ஆண்டுக்குள்ளும் முதல் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும். அதன்பின் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை. கண்ணாடிக் கடையில் எழுத்துகளைப் படித்துக்காட்டி “பவர் மாறவில்லை” என்று கேட்டு வருவது இதில் சேராது. அங்கே பார்ப்பது பார்வையை, விழித்திரையை அல்ல.

தெரிந்தும் வராதவர்கள் நிறையப் பேர். அவர்களைச் சோம்பேறிகள் என்று ஒதுக்குவது நியாயமில்லை. பரிசோதனை நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஓ.பி. சீட்டு வாங்கி, பாவையை விரிக்கும் சொட்டு மருந்தைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி பெஞ்சில் உட்கார வேண்டும். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒரு சொட்டு. விரிந்த பிறகு கைப்பேசியின் எழுத்து கலங்கும், வெளியே வந்தால் வெயில் கூசும். பல மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது. உணவு டெலிவரி செய்பவருக்கும் தினக்கூலிக்காரருக்கும் அன்றைய வருமானம் போயிற்று. இதே மாதத்தில் ரத்தப் பரிசோதனை, சர்க்கரை மருத்துவர் என்று ஏற்கெனவே லீவு போட்டிருப்பார்.

திட்டு வாங்கும் பயமும் சேர்ந்துகொள்கிறது. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஏறியிருந்தால் “இப்படியே போனால் கண் போய்விடும்” என்று மிரட்டுகிறார்கள். மிரட்டிய இடத்துக்கு யார் திரும்பிப் போவார்கள்? பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். வரன் பார்க்கும் வீட்டில் சர்க்கரையை மறைப்பதே பெரும்பாடு, இதில் கண் மருத்துவமனைக் கோப்பை எங்கே வைப்பது? மறைத்துத் திருமணம் செய்து கருவுற்றால் பாதிப்பு விரைவாகக்கூடும். முன்பே சர்க்கரை உள்ள பெண்கள் கருத்தரிக்கும் முன்போ முதல் மூன்று மாதத்திலோ கட்டாயம் விழித்திரையைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் மட்டும் புதிதாக வரும் சர்க்கரைக்கு இது பொருந்தாது.

இங்கிலாந்தில் 12 வயதும் அதற்கு மேலும் ஆன சர்க்கரை நோயாளிகளைக் கடிதம் அனுப்பி அழைத்து, இலவசமாக விழித்திரைப் படம் எடுக்கிறார்கள். அங்கும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு ஐம்பது ஆண்டுகளாகச் சர்க்கரையால் வரும் விழித்திரை நோய்தான் முதல் காரணமாக இருந்தது. 2009-10ஆம் ஆண்டுக் கணக்கில் அது முதலிடத்தில் இல்லை. ஆனாலும் அங்கேயும் அழைப்பைத் தவறவிடும் விகிதம் இளைஞர்களிடம்தான் அதிகம். ஆக, இலவசம் மட்டும் போதாது. சர்க்கரை மருத்துவர் இருக்கும் இடத்திலேயே, மாலையிலும் ஞாயிறன்றும், கேமரா இருக்க வேண்டும். இளம் கண்ணில் பாவை பெரியது, கண்புரையும் பெரும்பாலும் இருக்காது. சொட்டு மருந்தில்லாமலே பெரும்பாலும் நல்ல படம் கிடைத்துவிடும். “சொட்டு போடாமல் படம் எடுக்க முடியுமா?” என்று தாராளமாகக் கேளுங்கள். தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பணியாளர் “கடைசியாகக் கண் எப்போது பார்த்தீர்கள்?” என்று கேட்பதை அரசு விதியாக்கலாம். பெரிய செலவில்லை.

பரிசோதனைக்கு எடுக்கும் லீவு சலுகை அல்ல, உரிமை. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம், 1947 ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு தருகிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர் இ.எஸ்.ஐ.யில் சேர்ந்திருந்தால் அதன் மருந்தகம் வழியாகக் கண் மருத்துவருக்குப் பரிந்துரை பெறலாம். லேசரோ கண்ணுக்குள் ஊசியோ தேவைப்பட்டால், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் எது அடங்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். உரிய நேரத்தில் லேசர் செய்தால் கடுமையான பார்வையிழப்பு பாதிக்குமேல் குறையும். ஏற்கெனவே போன பார்வையை அது பெரும்பாலும் மீட்டுத் தராது.

அரசுப் பணியில் இருக்கும்போது பார்வை குறைந்தால் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. தகுந்த வேறு பணிக்கு அதே சம்பளத்தில் மாற்ற வேண்டும். தனியார் ஊழியருக்கு இந்தப் பாதுகாப்பு இந்த அளவுக்கு இல்லை. அது சட்டத்தின் குறை.

விழித்திரைப் படத்தின் நகலை வாங்கி வையுங்கள். அடுத்த ஆண்டுப் படத்தோடு ஒப்பிட அதுதான் ஆதாரம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. திடீரென்று கண்முன் ஒட்டடை போலக் கருப்பாக மிதந்தாலோ, திரை இறங்கியதுபோல ஒரு பக்கம் மறைந்தாலோ, ஆண்டுப் பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.