டீசல் கார் இழுக்கவில்லை என்றால்: அங்கத்தினர் அறிய வேண்டிய சோதனைகள்

சங்கத்தின் டீசல் கார் முன்போல் இழுக்கவில்லை, டீசல் மட்டும் அதிகமாகச் செலவாகிறது என்ற முறையீட்டை, நாம் தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் அடிக்கடி கேட்கிறோம். முறையீடு எழுந்தவுடன் இரண்டில் ஒன்று நடப்பது வழக்கமாக இருக்கிறது. ஒன்று, டிரைவர் மீது சந்தேகம் விழுகிறது. அல்லது, ஒர்க்‌ஷாப்பில் கேட்ட தொகையைக் கொடுத்து விலையுயர்ந்த பாகங்களை மாற்றிவிடுகிறார்கள். இவ்விரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அது சோதனை. அச்சோதனையை எவ்வரிசையில் செய்வது என்பதை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2019-ம் வருஷம் நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறுவோம். பருத்தி விளைவிப்போரின் சங்கம் ஒன்றில் ஏழு பேர் அமரும் டீசல் கார் ஒன்று இருந்தது. லிட்டருக்கு 17 கி.மீ. ஓடிக்கொண்டிருந்த அந்தக் கார், சில மாதங்களில் 13 கி.மீ.க்கு இறங்கிவிட்டது. மாதம் 1,500 கி.மீ. ஓடும் வண்டிக்கு இதனால் 27 லிட்டர் டீசல் கூடுதலாகத் தேவைப்பட்டது. அன்றைய விலை லிட்டருக்கு ஏறத்தாழ ரூ. 70. ஆகவே வருஷத்திற்கு ரூ. 22,000-க்கு மேல் நஷ்டம். டீசல் திருடப்படுகிறது என்று நிர்வாகக் குழுவினர் முடிவு செய்து, நஷ்டத்தை டிரைவரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யத் தீர்மானமும் எழுதி வைத்திருந்தனர். நாமும் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு, அதையே தணிக்கைக் குறிப்பில் எழுத இருந்தோம்.

அப்போது அந்த டிரைவர், "ஐயா, ஒரு தடவை வண்டியில் ஏறி உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் என் சம்பளத்தைப் பிடியுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். ஏறி அமர்ந்தோம். சிறிய மேட்டில் ஏறுவதற்கே கார் திணறியது. பின்புறம் கரும்புகை எழுந்தது. திரும்பி வந்து வண்டிப் புத்தகத்தைப் புரட்டினோம். குறிப்புக் கட்டத்தில், முந்தைய மாதங்களில் இரண்டு இடங்களில், "வண்டி இழுக்கவில்லை, பார்க்கவும்" என்று டிரைவர் எழுதியிருந்தார். இரண்டின் கீழும் அலுவலகக் கையெழுத்து இருந்தது; படித்ததற்கான அடையாளம் மட்டும் இல்லை. நாமும் கிலோமீட்டரைக் கூட்டினோமேயன்றி அக்கட்டத்தைப் படித்தோமில்லை.

என்ஜின் வேலை செய்யும் விதம்

நோயை அறிய, நலமாயிருக்கும்போது என்ஜின் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிதல் வேண்டும். ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய என்ஜினின் தத்துவமே இன்றைய காருக்கும் அடிப்படை. இதில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் வரும் காற்று ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக அழுத்தப்படுகிறது. அழுத்தத்தினால் காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அச்சூட்டில் இன்ஜெக்டர் டீசலை நுண்துளிகளாகப் பீய்ச்ச, அது தானே பற்றி எரிகிறது.

ஒரு லிட்டர் டீசல் முழுவதும் எரிய ஏறத்தாழ 12 கிலோ காற்று வேண்டும். கன அளவில் இது சுமார் 10,000 லிட்டர். நாம் பணம் கொடுத்து வாங்குவது டீசலை மட்டுமே; ஆனால் என்ஜின் உட்கொள்வதில் பெரும்பங்கு காற்று. காற்று குறைந்தால் டீசல் அரைகுறையாக எரிந்து, கரும்புகையாக வெளியேறுகிறது. இழுவை குறைகிறது. இழுவை குறையவே டிரைவர் ஆக்ஸிலேட்டரை மேலும் அழுத்துகிறார். தாழ்ந்த கியரிலேயே அதிக நேரம் ஓட்டுகிறார். செலவு ஏறுகிறது. இழுவைக் குறைவும் டீசல் செலவும் கூடவே வருவதன் காரணம் இதுவே.

முதற்கண் அளவை

எவ்வளவு குறைந்தது என்று திட்டமாக அறியாமல் எக்காரணத்தையும் தேடலாகாது. டாங்கி நிரம்பும் வரை டீசல் போட்டு, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்க. 400 அல்லது 500 கி.மீ. ஓடியபின் அதே பங்கில், அதே குழாயில் மீண்டும் நிரப்புக. ஓடிய தூரத்தை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் கிடைப்பது உண்மையான மைலேஜ். ஒருமுறை போதாது, மூன்று முறை செய்து சராசரி காண வேண்டும். பங்கின் அளவில் ஐயம் இருந்தால், அங்குள்ள முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குவளையில் பிடித்துக் காட்டும்படி கேட்கலாம். கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மைலேஜும் குறைந்து, இழுவையும் குறைந்து, புகையும் தள்ளினால், வண்டிக்கே நோய் இருக்கிறது என்று கொள்ளலாம். இழுவையில் குறைவில்லை, புகையும் இல்லை, மைலேஜ் மட்டுமே குறைந்தது என்றால் டயர், பாரம், ஓடிய பாதை, ஏ.சி. உபயோகம், பங்கின் அளவு, வண்டிப் புத்தகம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவையனைத்தும் சரியாயிருந்த பிறகே மனிதர் மீது ஐயம் கொள்வது நியாயம்.

செலவில்லாச் சோதனைகள்

டயரில் காற்று குறைந்தால் வண்டி உருள்வதற்கே அதிக விசை செலவாகும். கதவோரத்தில் ஒட்டியுள்ள அட்டவணைப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்து நிரப்புக.

அடுத்தது பிரேக். பிரேக் மிதியை விட்ட பின்னும் ஏதேனும் ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்தபடியே இருப்பதுண்டு. அதிகம் பிரேக் போடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டு செல்க, தொடலாகாது. ஒரு சக்கரம் மட்டும் அனலாய் வீசினால் குற்றவாளி அதுவே.

கிளட்ச் வழுக்கினாலும் இழுவை குறையும். மேல் கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது என்ஜினின் வேகம் ஏறியும் வண்டியின் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்பது பொருள்.

புகையின் நிறமும் வழிகாட்டும். கரும்புகை காற்றுப் பற்றாக்குறையையோ டீசல் மிகுதியையோ காட்டும். நீலப்புகை என்ஜின் ஆயில் எரிவதைக் காட்டும். என்ஜின் சூடேறிய பின்னும் வெண்புகை நீடித்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது ரேடியேட்டர் நீர் சிலிண்டருக்குள் கசிகிறது என்று ஐயுற வேண்டும்.

காற்றின் வழி

காற்றை வடிகட்டும் ஏர் பில்டரைக் கழற்றி, பின்னால் ஒரு டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒளி ஊடுருவாவிட்டால் மாற்றிவிடுக. காகிதப் பில்டரை நீரில் கழுவலாகாது. பில்டர் இல்லாமல் ஓட்டுவது அதனினும் தீது. உட்புகும் புழுதி டர்போவையும் சிலிண்டரையும் அரித்துவிடும். களத்துமேட்டுப் புழுதியிலும் பஞ்சுத்தூசி பறக்கும் இடத்திலும் நிற்கும் வண்டிக்கு, கம்பெனிப் புத்தகம் கூறும் கெடுவுக்கு முன்னதாகவே பில்டர் அடைந்துவிடும்.

பில்டரைக் கடந்த காற்றை டர்போ என்னும் விசிறி அழுத்தி அனுப்ப, அது ரப்பர் குழாய்கள் வழியாக என்ஜினைச் சேர்கிறது. இக்குழாயில் வெடிப்பு ஏற்பட்டால் காற்று கசியும். உள்ளே வரும் காற்றை அளந்து, அதற்கேற்ற டீசலைக் கம்ப்யூட்டர் கணக்கிடும் வண்டிகளில், அளந்தபின் வெளியேறிய காற்றுக்கும் சேர்த்து டீசல் பீய்ச்சப்படுகிறது. ஆகவே கரும்புகையும் வீண்செலவும் உண்டாகின்றன. வேகம் எடுக்கும்போது "உஸ்" என்ற ஓசை, குழாயின் பூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை இதன் அடையாளங்கள். என்ஜினை நிறுத்தி, ஆறிய பின்னரே குழாயைத் தடவிப் பார்க்க வேண்டும்.

இ.ஜி.ஆர். வால்வு என்பது புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பி, நச்சு வாயுவைக் குறைக்கும் கருவி. முழு இழுவை வேண்டும்போது இது மூடிக்கொள்ள வேண்டும். கரி படிந்து திறந்தபடியே சிக்கிக்கொண்டால், நல்ல காற்று நுழைய வேண்டிய இடத்தைப் புகை அடைத்துக்கொள்ளும். இதைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் குணம் தெரியும்.

டீசலின் வழியும் வெப்பமும்

டீசல் பில்டர் அடைந்தாலும், அதில் நீர் தேங்கினாலும் மேட்டில் வண்டி திணறும். அதன் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடிக்க வேண்டும். மழைக்காலத்தில் இதைத் தவறாமல் செய்க. என்ஜினின் வெப்பம் 90 டிகிரிக்கு அருகில் நிலைக்க வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டால் என்ஜின் குளிர்ந்தே இருக்கும். டீசல் அதிகம் செலவாகும். நெடுந்தூரம் ஓடியும் வெப்பமுள் மேலேறாவிட்டால் இதைச் சோதிக்க.

2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் டீசல் கார்கள் பி.எஸ். 6 விதிகளுக்கு உட்பட்டவை. இவற்றின் புகைப்போக்கியில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. கரி சேர்ந்ததும் என்ஜின் சிறிது டீசலை அதிகமாகப் பீய்ச்சி, அச்சூட்டினால் கரியை எரித்துவிடும். ஊருக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடி நிற்கும் வண்டியில் இவ்வேலை பாதியில் நின்று, மறுபடி தொடங்கும். டீசல் வீணாகும், அந்த டீசல் என்ஜின் ஆயிலிலும் கலந்து ஆயில் மட்டத்தை உயர்த்தும். இதற்குரிய எச்சரிக்கை விளக்கு எரிந்தால், புத்தகத்தில் கூறியபடி நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் பதினைந்து, இருபது நிமிஷம் ஓட்டுவது பெரும்பாலும் போதும். வடிகட்டியையே அகற்றிவிடலாம் என்பாரின் பேச்சைக் கேட்கலாகாது. அது விதிக்கு விரோதம்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை

இவ்வளவுக்கும் பிறகு குறை தீராவிட்டால் ஸ்கேனர் கருவியை மாட்டிக் குறியீடுகளைப் படிக்கச் சொல்க. குறியீடு திசையைக் காட்டுமேயன்றிக் குற்றவாளியைக் காட்டாது. டர்போ அழுத்தம் குறைவு என்று காட்டினால் டர்போவே கெட்டது என்பதில்லை. சில நூறு ரூபாய்க் குழாய்ப்பூட்டு தளர்ந்திருக்கலாம். இன்ஜெக்டர்களை மாற்ற வேண்டும் என்றால், ஒவ்வோர் இன்ஜெக்டரும் திருப்பி அனுப்பும் டீசலைத் தனித்தனியே அளந்து காட்டும்படி கேளுங்கள். மற்றவற்றினும் மிக அதிகமாகத் திருப்பி அனுப்புவதே தேய்ந்தது; நான்கையும் மாற்றத் தேவை நேராமற் போகலாம். டீசல் குழாய்களில் ஆயிரம் மடங்கு காற்றழுத்தத்திற்கும் மேற்பட்ட அழுத்தம் உண்டு. ஓடும் என்ஜினில் அவற்றை நம்மவர் தளர்த்திப் பார்க்கலாகாது; பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும்.

நிகழ்ச்சியின் முடிவு

மேற்கூறிய காரிலும் நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்றும்படி ஓர் ஒர்க்‌ஷாப்பில் யோசனை கூறியிருந்தனர். தீர்மானத்தையும் அந்த யோசனையையும் ஒரு மாதம் நிறுத்திவைக்கச் சொன்னோம். பின்புற இடது சக்கரத்தின் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது; அதைச் சரிசெய்து அளந்ததில் 14.8 கி.மீ. கிடைத்தது. பருத்தி அரைவை ஆலையின் முற்றத்தில் நிறுத்தப்பட்டதால் ஏர் பில்டர் பஞ்சுத்தூசியால் அடைந்திருந்தது. ரேடியேட்டர் முன்புறமும் அவ்வாறே. பில்டரை மாற்றி, தூசியை அகற்றி அளந்ததில் 16.4 கி.மீ. கிடைத்தது. கரும்புகை நின்றது. ஒவ்வொன்றாகச் செய்து ஒவ்வொரு முறையும் அளந்ததால்தான், எதனால் எவ்வளவு நஷ்டம் என்பது விளங்கிற்று. இன்ஜெக்டரைத் தொடவே தேவை நேரவில்லை. நிர்வாகக் குழுவினர் தீர்மானத்தை ரத்து செய்து, டிரைவரைக் கூட்டத்திற்கு அழைத்து அதைப் படித்துக் காட்டினர். கார் நிறுத்துமிடமும் மாற்றப்பட்டது.

சங்கங்கள் மேற்கொள்ள வேண்டியது இதுவே. வண்டிப் புத்தகத்தில் தேதி, மீட்டர் எண், பிடித்த லிட்டர், லிட்டருக்கு ஓடிய தூரம், டிரைவரின் குறிப்பு ஆகிய ஐந்து கட்டங்களும் மாதந்தோறும் குழுக் கூட்டத்தில் வாசிக்கப்படட்டும். மைலேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தவுடனே மேற்கூறிய வரிசையில் சோதனை தொடங்கட்டும். சங்கப் பணத்தைக் காப்பது நம் கடமை. அதைப் போலவே, சங்கத்திற்கு உழைப்பவரின் நற்பெயரைக் காப்பதும் கடமை. ஐந்தாம் கட்டத்தைப் படிக்காமல் மற்ற நான்கையும் கூட்டிப் பார்ப்பது தணிக்கையாகாது என்பதை, நாம் அந்தச் சங்கத்தில்தான் கற்றுக்கொண்டோம்.