கனமகிமை: நமக்கு வைக்கப்பட்டிருக்கும் பங்கு





சில மாதங்களுக்கு முன் எங்கள் பெண்கள் வார்டில் ஒரு தாயார் இருந்தார்கள். இருபது வருடங்களுக்கு மேலாகப் போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் வேலை செய்தவர்கள். விடியுமுன் ஜீப்பில் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறக்குறைய 4,500 அடி உயரத்திலுள்ள மேட்டைத் தாண்டிப் போய், பொழுது சாய்ந்து வீடு திரும்பும் நம் பகுதிப் பெண்களில் ஒருவர். புற்றுநோய் முற்றிய பிறகே எங்களிடம் வந்தார்கள். வலியைக் குறைப்பதும், புண்ணைச் சுத்தமாக வைப்பதும், அருகில் இருப்பதும்தான் எங்களால் செய்யக்கூடியதாயிருந்தது. ஒரு மாலையில் ஜெபித்து முடித்த செவிலியரிடம் அந்தத் தாயார் கேட்டார்கள்: "ஏம்மா, அங்க போனா அங்கயும் சுமை தூக்கணுமா?"

அந்தக் கேள்வி எங்களை விட்டுப் போகவில்லை. பரலோகத்தைப் பற்றி நாம் அடிக்கடி பாடுகிறோம். அடக்க ஆராதனைகளில் பேசுகிறோம். ஆனால் அங்கே என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், கண்ணீர் இல்லை, வியாதி இல்லை, மரணம் இல்லை என்று இல்லாதவைகளையே சொல்லி நிறுத்திவிடுகிறோம். வேதமோ அதற்கும் மேலான ஒன்றைச் சொல்லுகிறது. தேவன் தம்முடைய மகிமையிலேயே நமக்குப் பங்கு தருகிறார் (ரோமர் 8:17). இதன் பொருளை இந்த இதழில் உங்களோடு சேர்ந்து தியானிக்க விரும்புகிறோம்.

மகிமை என்றால் என்ன?

பழைய ஏற்பாட்டில் மகிமையைக் குறிக்கும் எபிரெயச் சொல் 'காபோத்'. கனமாயிருத்தல் என்பதே அதன் வேர்ப்பொருள். தமிழிலும் அப்படித்தான். கனம் என்றால் பாரம். கனம் என்றால் மரியாதை. தலையிலுள்ள மூட்டையையும் கனம் என்கிறோம். போதகரின் பெயருக்கு முன்னும் கனம் என்று எழுதுகிறோம். 2 கொரிந்தியர் 4:17-ல் நம் தமிழ் வேதாகமம் 'கனமகிமை' என்ற ஒரே சொல்லில் இவ்விரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறது.

அந்த வசனத்தில் பவுல் ஒரு தராசைப் பிடிக்கிறார். ஒரு தட்டில் நம்முடைய உபத்திரவம். மறு தட்டில் வரப்போகும் மகிமை. மகிமையின் தட்டே தாழ்ந்துபோகிறது. எங்கள் மலையில் தராசு தெரியாதவர்கள் இல்லை. பகலெல்லாம் குனிந்து பறித்த காயை மாலையில் எடை போடுகிறார்கள். அதுவும் நிற்கும் எடையல்ல. 4 முதல் 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் 1 கிலோதான் தேறும். நம் உழைப்பின் பலனெல்லாம் இப்படிக் காய்ந்து குறைகிறது. பவுலின் தராசிலோ குறைந்துபோவது பாடு. நிலைத்து நிற்பது மகிமை.

அவர் வேறு யாரிடமும் இல்லாத மகிமையில் எப்படிப் பங்கு?

ஏசாயா 42:8-ல் கர்த்தர் தம் மகிமையை வேறொருவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று உறுதியாய்ச் சொல்லுகிறார். யோவான் 17:22-லோ, பிதா தமக்குத் தந்த மகிமையைத் தம்முடையவர்களுக்குக் கொடுத்திருப்பதாக ஆண்டவர் ஜெபிக்கிறார். இவை ஒன்றுக்கொன்று முரண்பட்டவைகளா? இல்லை. ஏசாயாவில் பேசப்படுவது தேவனுக்குப் போட்டியாக நிறுத்தப்படும் விக்கிரகங்களைப் பற்றி. கிறிஸ்துவுக்குள் இருக்கிறவர்களோ போட்டியாளர்களல்ல, அந்நியரும் அல்ல. அவர்கள் பிள்ளைகள், ஆகவே சுதந்தரர்.

அப்படியானால் நாம் தேவர்களாகிவிடுவோமா? அதுவும் இல்லை. போடியில் ஏலக்காயைத் தரம் பிரிக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறோம். காலை முதல் மாலை வரை சல்லடையும் கையுமாய் இருப்பார்கள். வேலை முடிந்து தெருவில் நடந்தால் சேலையிலும் கையிலும் ஏலக்காய் மணக்கும். அந்த மணம் அவர்களிடத்தில் பிறந்ததல்ல. ஆனாலும் அது பொய்யுமல்ல. மெய்யாகவே அவர்கள்மேல் இருக்கிறது. அருகில் இருந்ததினால் வந்தது. நாம் அவரை இருக்கிறவண்ணமாய்க் காணும்போது அவருக்கு ஒப்பாவோம் என்று 1 யோவான் 3:2 போதிப்பதும் இதைப் போன்றதே. மகிமை என்றும் அவருடையது. அவரோடிருக்கிறதினால் அது நம்மேல் தங்கும்.

சரீரத்துக்கும் மகிமை உண்டு

இந்தப் பங்கு ஆத்துமாவுக்கு மாத்திரம் என்று எண்ணிவிடக்கூடாது. நம்முடைய அற்பமான சரீரமும் கிறிஸ்துவின் மகிமையுள்ள சரீரத்துக்கு ஒப்பாக மாற்றப்படும் என்று பிலிப்பியர் 3:21 காட்டுகிறது. இதே மலைத்தொடரில் உள்ள மூணாறில் அதற்கு ஓர் அமைதியான சாட்சி உண்டு. தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவரின் இளம் மனைவி எலினர் இசபெல் மே, 1894 டிசம்பரில் காலராவினால் மரித்து அங்குள்ள ஒரு குன்றின்மேல் அடக்கம் பண்ணப்பட்டார். அப்போது அங்கே ஆலயம் இல்லை. 1910-ல்தான் அந்தக் குன்றின் அடிவாரத்தில் ஆலயம் கட்டத் தொடங்கினார்கள். முதலில் கல்லறை, பிறகு ஆலயம். சரீரத்தை மண்ணுக்குள் வைக்கும்போது, தூக்கி எறிகிறவர்களாய் அல்ல, விதைக்கிறவர்களாய் வைக்கிறோம்.

விதைக்கப்படப்போகும் சரீரத்தை உயிரோடிருக்கையில் அசட்டை செய்யலாமா? 1914-ல் நம் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூருக்கு வந்தார். குஷ்டரோகிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலியுணர்வு அற்றுப்போவதினால் ஏற்படும் காயங்களாலேயே சேதமடைகின்றன என்று கண்டு, மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் விரிய வைத்தார். அவருடைய தகப்பனார் ஜெசி பிராண்ட் 1929-ல் அதே கொல்லிமலையில் மலைக்காய்ச்சலின் கொடிய வகை ஒன்றால் மரித்தவர். மகிமைக்கென்று நியமிக்கப்பட்ட ஒரு கையைத் தொட்டுக் குணமாக்குவது வீண் வேலையல்ல. உயிர்த்தெழுந்த ஆண்டவரின் கைகளிலும் தழும்புகள் இருந்தன (யோவான் 20:27). பாடுபட்ட சரீரமே மகிமைப்பட்டது.

யார் யாருக்குச் சொல்லுவது?

இந்த நம்பிக்கையைத் தவறாகவும் பயன்படுத்தலாம். வலியில் இருக்கிறவரிடம், "பொறுத்துக்கொள்ளுங்கள், பரலோகம் உண்டே" என்று சொல்லிவிட்டு நாம் நம் வழியே போய்விடலாம். பாடுகளை இலேசானவை என்று எழுதிய பவுல் மும்முறை மிலாறுகளால் அடிக்கப்பட்டவர், கல்லெறியுண்டவர், மும்முறை கப்பற்சேதத்தில் அகப்பட்டவர் (2 கொரிந்தியர் 11:25). தன் பாட்டைத்தான் அவர் இலேசானது என்றாரேயன்றி, அடுத்தவர் பாட்டைத் தூரத்தில் நின்று எடை போடவில்லை. ஆகவே மலைக்கிராமத்துப் பெண்ணிடம் மகிமையைப் பற்றிப் பேச வாய் திறக்குமுன், அவர்கள் சுமையில் ஒரு முனையை நாம் பிடித்திருக்க வேண்டும். உங்கள் காணிக்கை வலி மாத்திரையாகவும், கட்டுத்துணியாகவும், மலையேறும் வண்டியின் டீசலாகவும் மாறும்போது நடப்பது இதுதான். மகிமைக்கு அது விலை அல்ல. அந்த விலை சிலுவையில் செலுத்தித் தீர்ந்தது. விலை தீர்ந்தபடியினால்தான் நாம் பயமின்றிக் கொடுக்கிறோம்.

அந்தத் தாயாருக்குச் செவிலியர் என்ன பதில் சொன்னார் என்று கேட்பீர்கள். கட்டு மாற்றிக்கொண்டே சொன்னார்: "இல்லம்மா. அங்க நீங்க எதையும் தூக்க வேண்டாம். அவரே உங்களைத் தூக்கிக்குவாரு." தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப சரி" என்றார்கள். மூன்றாம் வாரத்தில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். கடைசி நாட்களில் பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் அந்தப் பதிலைத் தாமே திரும்பச் சொல்லக் கேட்டோம்.

ஜெபக் குறிப்புகள்

1. ஏலத்தோட்டங்களுக்கு அன்றாடம் ஜீப்பில் போய்வரும் சகோதரிகளின் பாதுகாப்புக்காக.

2. நோய் முற்றுமுன்னே பெண்கள் பரிசோதனைக்கு வரும்படியாக.

3. வலியோடிருக்கிறவர்களுக்கு ஊழியஞ்செய்யும் எங்கள் செவிலியர்கள் சோர்ந்துபோகாதபடிக்கு.

நாம் ஒருமித்து அவருடைய மகிமையில் பங்கடையும் அந்நாள்வரைக்கும் கர்த்தர் உங்களைக் காப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவ ஊழியக் குழுவினர்,
போடிநாயக்கனூர்.