தன்னினம் காணப் பொறாத நாய்

மனிதரைக் கண்டால் வாலைக் குழைத்து ஓடிவந்து மடிமீது தலைவைத்துப் படுக்கும் நாய், மற்றொரு நாய் தெருமுனையில் தோன்றியவுடன் மயிர் சிலிர்த்து, கயிற்றை இழுத்துக்கொண்டு, தொண்டை கிழியக் குரைத்துப் பாய்கின்றது. இவ்விரு குணங்களும் ஓருயிரிடத்தே கூடி இருத்தல் இயலுமோ என ஐயுறுவோர் உளர். நாய்க் காப்பகங்களில் பணியாற்றுவோர்க்கு இது புதிதன்று. அன்பிற் குறைவில்லாத இத்தகைய நாய்களுக்கு வீடு தேடிக் கொடுப்பதே அவர்கள் பணிகளுள் மிகக் கடினமானது.

ஆங்கிலத்தில் இதனை ‘ரியாக்டிவ்’ நாய் என்பர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் சற்றுத் தொல்லை தந்தது. ‘மூர்க்கம்’ என்றால் நாய்க்கு அநீதி. ‘எதிர்வினை’ என்றால் வேதியியற் பாடம்போல் ஒலிக்கும். பழந்தமிழில் ‘வெகுளி’ என்பது சினத்தைக் குறித்தது. தொல்காப்பியர் அதனை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார். இன்றோ சூதுவாது அறியாதவரை வெகுளி என்கின்றோம். இந்நாய்க்கு இரு பொருளும் பொருந்தும். அவ்வெட்டனுள் ‘அச்சம்’ என்பதும் ஒன்று. குரைக்கும் இந்நாய்களுட் பலவற்றின் உள்ளே இருப்பது அச்சமே என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே பிற உயிர்களோடு பழகக் கற்கும் பருவம் என்பதை ஸ்காட், ஃபுல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் நெடுநாள் ஆராய்ந்து 1965-ல் நூலாக வெளியிட்டனர். அப்பருவத்தில் தாயையும் உடன்பிறப்புகளையும் பிரிந்து, அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே வளர்ந்த குட்டிக்கு நாய்களின் பாஷை தெரியாமற் போகின்றது. தெருவிற் கூட்டமாகச் சூழ்ந்து கடிக்கப்பட்ட நாயும் அதனை மறப்பதில்லை. கட்டின்றித் திரியும் நாய் அஞ்சினால் விலகி ஓடும்; கயிற்றிற் கட்டுண்ட நாய்க்கு ஓட வழியில்லை. ஆகவே முழங்குகின்றது. எதிரே வந்த நாய் தன் வழியே போய்விடுகின்றது. நம் நாயோ, தான் குரைத்ததனாலன்றோ அது போயிற்று என்று எண்ணி, மறுநாள் இன்னும் உரக்கக் குரைக்கின்றது. நட்புக்கொள்ள விரும்பியும் கயிறு தடுப்பதால் எரிச்சலுற்றுக் குரைப்பனவும் உண்டு. பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

டில்லியின் புறத்தே உள்ள காப்பகம் ஒன்றில் நாம் கண்ட கறுப்பு நாயை அங்குள்ளோர் ‘காலு’ என்றழைக்கின்றனர். நம் ஊரிற் பிறந்திருந்தால் ‘கருப்பன்’ ஆகியிருக்கும். வளர்த்தவர் ஊர் மாற்றலாகிச் சென்றபோது விட்டுச்சென்ற நாய் அது. அதன் கூட்டுக்கு எதிரேயும் இருபுறத்தும் கம்பி வலை. வலைக்கு அப்பால் நாய்கள். தான் காணப் பொறாத காட்சியையே காலை முதல் இரவு வரை காணுமாறு அதனை வைத்திருக்கின்றோம். வீடு தேடித் தத்தெடுக்க வருவோர் வலையில் மோதிக் குரைக்கும் நாயைக் காண்கின்றனர். நகர்ந்து அடுத்த கூட்டுக்குச் செல்கின்றனர். வேறு நாயில்லாத பின்முற்றத்திற்கு அழைத்துவந்தால் அதே நாய் அறிமுகமில்லாதவர் காலடியிலும் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுகின்றது. ஆதலின் காப்பகத்திற்குச் செல்வோர் கூட்டில் கண்டதை மட்டும் கொண்டு முடிவு செய்தலாகாது; வெளியே கொணரச் சொல்லி அரைமணி நேரமேனும் உடன் இருத்தல் வேண்டும்.

இடநெருக்கடியும் பெரிது. 2025 ஆகஸ்டு 11-ல் டில்லித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகஸ்டு 22-ல் அதனைத் திருத்தி, வெறிநோயுற்றவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, கருத்தடையும் தடுப்பூசியும் பெற்றவற்றை எடுத்த இடத்திலேயே விடுமாறு கூறிற்று. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் மாநகராட்சிக்கு விண்ணப்பிக்கவும் வழிசெய்தது. நவம்பர் 7-ல் பள்ளி, மருத்துவமனை, இரயில் நிலையம் முதலிய இடங்களிற் பிடிக்கப்படும் நாய்களை அங்கே திரும்ப விடலாகாது என்றது. ஒரு கூடு காலியாவது இத்தகைய நாளில் எத்துணை அருமை என்பதை விளக்க வேண்டியதில்லை.

எவ்வகை வீடு இந்நாய்க்கு ஏற்றது? வேறு நாய் இல்லாத வீடு. பெரிய தோட்டம் வேண்டும் என்பது பலர் கொண்டுள்ள தவறான எண்ணம். பொறுமையுள்ள இருவர் போதும். தரைத்தள வீடாயின் நன்று. மாடியாயின், மின்தூக்கியின் கதவு திறக்கும்போது எதிரே வேறொரு நாய் நிற்கக்கூடும் என்பதை எண்ணிப் படிக்கட்டைப் பயன்படுத்துதல் நலம். குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாயைத் தடைசெய்ய இயலாது என்று விலங்கு நல வாரியம் 2015-ல் வெளியிட்ட நெறிமுறை தெளிவாகக் கூறுகின்றது. எனினும் அண்டை வீட்டாரிடம் நாயின் இயல்பை முன்னரே சொல்லிவைப்பது, சட்டம் பேசுவதினும் பயன் தரும்.

பயிற்சி முறை புதிதன்று. மேரி கவர் ஜோன்ஸ் என்னும் உளவியலார் முயலைக் கண்டு அஞ்சிய சிறுவனொருவனுக்கு விருப்பமான உணவைத் தந்துகொண்டே முயலைச் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்து அச்சம் நீக்கியதை 1924-ல் எழுதினார். நாய்க்கும் அதுவே. வேறு நாயைக் கண்டும் குரையாதிருக்கும் தொலைவு எதுவெனக் கண்டறிந்து, அத்தொலைவில் நின்று, அந்நாய் கண்ணிற்படும் போதெல்லாம் வாய்க்கு இனியதொன்றை ஊட்டுக. புலால் சமைக்காத வீட்டில் உப்பிடாத பனீர் போதும். (சாம்பார்ச் சோறு மட்டும் வேண்டா, வெங்காயம் நாய்க்கு நஞ்சு.) வாரங்கள் செல்லச் செல்லத் தொலைவைக் குறைக்கலாம். நாய் உணவை மறுத்தால் நாம் மிக அருகே வந்துவிட்டோம் என்பது பொருள். அடிப்பதும், கழுத்தை இறுக்கும் சங்கிலியும் தீமையே செய்யும். வேறு நாயைக் கண்டால் வலி உண்டாகும் என்னும் பாடத்தையே அவை கற்பிக்கின்றன. உறுமுதலை அடக்கிவிட்டால், பின்னர் அது உறுமாமலே கடிக்கும்.

அயல்நாட்டு நூல்கள் இங்கே ஓரளவே உதவும். அந்நூல்களில் எதிரே வரும் நாயும் கயிற்றில் வருகின்றது. நம் நகரங்களிலோ ஒவ்வொரு தெருவுக்கும் உரிமை கொண்டாடும் நாய்கள் உண்டு. அவை நம்மைத் தேடி வரும். எந்நாய்கள் எம்மூலையில் எந்நேரத்திற் படுத்திருக்கும் என்பதை, நாயை அழைத்து வருமுன்னரே தனியே நடந்து அறிதல் வேண்டும். விடியுமுன்னும், இரவு பத்துக்குப் பின்னும் சில தெருக்கள் ஓய்ந்திருக்கும். சில தெருக்களில் அப்போதுதான் கூட்டம் கூடும். நம் வீட்டு வாயிலிலேயே தெருநாய்களுக்கு உணவிடும் வழக்கமிருந்தால் அதனைச் சற்று அப்பால் மாற்றுக. கழுத்துப் பட்டையோடு மார்புப் பட்டையும் பூட்டி, மூச்சுவிடவும் நீரருந்தவும் இயலும் கூடை போன்ற வாய்ப்பூட்டை வீட்டிலேயே பழக்குதல் நன்று. கட்டையும் மீறிச் சண்டை மூண்டால் இடையிற் கை நுழைக்கலாகாது. நீரை வீசலாம், தடித்த போர்வையை எறியலாம். வெறியுற்ற கணத்தில் அன்புள்ள நாயும் பிடித்தவரைக் கடித்துவிடுவதுண்டு. தடுப்பூசி பெற்ற நாயே ஆயினும், கடிவாயைப் பதினைந்து நிமிடம் சவர்க்காரமிட்டுக் கழுவி மருத்துவரிடம் செல்க.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு விடுமுறையும் மாற்றலும் தனிக் கவலைகள். இரயிலில் குளிரூட்டிய முதல் வகுப்பின் இரு படுக்கை அல்லது நான்கு படுக்கை அறை முழுவதையும் பதிவு செய்தால் மட்டுமே நாய் உடன்வரலாம். பிற குளிரூட்டிய பெட்டிகளில் இடமில்லை. கார்டு வண்டியிலுள்ள நாய்ப்பெட்டியில் டில்லியிலிருந்து சென்னைக்கு முப்பது மணி நேரத்திற்கும் மேலாக, அருகே வேறொரு நாயும் இருக்க நேருமாயின், இவ்வியல்புள்ள நாய்க்கு அது கொடுமை. ஆண்டுக்கொரு முறை ஊர் செல்வோர், நாயோடு பழகிய ஒருவரை வீட்டிலேயே தங்கச் செய்வது மேல். மற்ற நாய்களோடு அடைக்கும் தங்குமிடம் ஆகாது.

விலங்கைப் பட்டினிக்கு ஆளாகும்படி கைவிடுதல் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். அச்சட்டத்திற்கு முன்னோடியான மசோதாவை மாநிலங்களவையிற் கொணர்ந்தவர் மதுரையிற் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார்; விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. எனவே விண்ணப்பம் எழுதும்போதே, மாற்றலாகும் வேலை என்பதையும், அழைத்துச் செல்ல இயலாத நிலை வந்தால் நாயைக் காப்பகத்திடமே ஒப்படைப்போம் என்பதையும், அதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதையும் காப்பகத்தாரோடு பேசி எழுத்தில் வைத்துக்கொள்க. முதலிற் சில வாரம் தற்காலிகமாக வளர்த்துப் பார்க்க இசைவு கேட்பதிலும் தவறில்லை.