கடலும் ஏரியும் கலக்கும் ஊர்!

கடற்கரை என்றதும் சுண்டலும் ராட்டினமும்தானே நினைவுக்கு வருகின்றன? அவை அதிகம் இல்லாத அமைதியான ஊர் ஒன்றுக்கு ஒரு நாள் போய்வருவோமா?

சென்னைக்கு வடக்கே, ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பேருந்து உண்டு. தொப்பியும் தண்ணீரும் மறக்காதீர்கள். அப்பா, அம்மா அல்லது பெரியவர் யாராவது கூட வரவேண்டும்.

ஊருக்குள் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் காவல் நிற்கும். பயப்படாதீர்கள்! 1613-இல் இங்கே கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள், நம் நெசவாளர்களின் துணிகளைக் கப்பலில் ஏற்றிக் கிழக்கு நாடுகளில் விற்றார்கள். அடிமைகளாக மனிதர்களையும் ஏற்றினார்கள் என்பது வருத்தமான செய்தி. மலேசியாவில் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'பெலிக்காட்' என்கிறார்கள். அது எந்த ஊரின் பெயர் என்று ஊகியுங்கள்!

இப்போது பாலத்துக்கு வாருங்கள். எங்கு பார்த்தாலும் தண்ணீர். கடல் என்று நினைத்தீர்களா? இல்லை, ஏரி! ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. இத்தனை பெரிய ஏரியின் சராசரி ஆழமோ ஒரு மீட்டர்தான். அதற்காக இறங்கிவிடாதீர்கள், சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். யார் கூப்பிட்டாலும் படகிலும் ஏறவேண்டாம். 2011 டிசம்பரில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

மழைக்காலத்தில் ஆரணியாறு நன்னீரைக் கொண்டுவந்து ஏரியில் கொட்டுகிறது. கடல்நீர் முகத்துவாரம் என்ற ஒரு வாய் வழியாக உள்ளே வருகிறது. அந்த வாய்தான் இந்த ஊரின் உயிர். ஏன் தெரியுமா? இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, அலையில்லாத தண்ணீரில் தின்று வளரும். வளர்ந்ததும் கடலுக்குத் திரும்பும். அப்படித் திரும்பும் வழியில்தான் மீனவர்கள் குச்சி ஊன்றி வலை கட்டுகிறார்கள்.

நல்ல இடம் எல்லாருக்கும் வேண்டும் அல்லவா? சண்டை வராதா? அதற்குத்தான் 'பாடு' என்றொரு முறையை முன்னோர்கள் வைத்திருக்கிறார்கள். உரிமை உள்ள மீனவர்கள் ஒன்றுகூடிச் சீட்டுக் குலுக்கி, இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று முடிவு செய்கிறார்கள். முறை மாறி மாறி வரும். இன்று இறால் குறைந்த இடம் கிடைத்தவருக்கு இன்னொரு நாள் நல்ல இடம் வரும். வகுப்பில் முதல் பெஞ்சுக்கு அடித்துக்கொள்ளும் சில பேருக்கு இதைச் சொல்லவேண்டும்!

பாடு உரிமை எல்லாருக்கும் இல்லை. இருளர் இனப் பெண்கள் வலையே இல்லாமல், சேற்றில் கைகளால் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கைகளும் வேலையில் இருக்குமே, பிடித்ததை எங்கே போடுவார்கள்? பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள்!

குளிர்காலத்தில் போனால் பூநாரைகளைப் பார்க்கலாம். அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து உணவை வடிகட்டும். அந்த உணவில் உள்ள நிறமிதான் அவற்றுக்கு இளஞ்சிவப்பு நிறம் தருகிறது.

கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்ததும், அலைகள் மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் குவிக்கும். சில ஆண்டுகளில் வாய் அடைத்தே போகும். குஞ்சுகள் உள்ளே வர முடியாது. படகுகள் கடலுக்குப் போக முடியாது. ஏரி நீர் வெயிலில் வற்றி, உப்பு ஏறிக்கொண்டே போகும். ஊர்க்காரர்களே பணம் போட்டு மணலைத் தோண்டி வழி திறந்ததும் உண்டு.

ஊர் திரும்பப் பேருந்துக்கு நிற்கும்போது, வலை பின்னிக்கொண்டிருக்கும் தாத்தா யாரையாவது பார்த்தால், "முகத்துவாரம் திறந்திருக்கா தாத்தா?" என்று கேட்டுப்பாருங்கள்.