மினிமம் டியூ கட்டியும் கடன் குறையாதது ஏன்?

மாதா மாதம் தவறாமல் பணம் கட்டுகிறோம், பாக்கி மட்டும் அப்படியே நிற்கிறது. கிரெடிட் கார்டு கடன் உள்ள பல வீடுகளில் கேட்கும் புலம்பல் இது. ஸ்டேட்மென்டில் கட்ட வேண்டிய மொத்தத் தொகையும், அதோடு ‘மினிமம் டியூ’ என்று ஒரு சிறு தொகையும் இருக்கும். மொத்தத்தைப் பார்த்து மலைத்துப்போகிறவர்கள் சிறியதைக் கட்டிவிட்டு, இந்த மாதம் தப்பித்தோம் என்று நினைக்கிறார்கள். தாமதக் கட்டணத்திலிருந்து தப்பியது உண்மைதான். வட்டியிலிருந்து தப்பவில்லை.

5,000 ரூபாய் எங்கே போகிறது?

பல கார்டுகளில் வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம். அந்த வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்திருந்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

ஒரு லட்சம் ரூபாய் பாக்கி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் மாத வட்டி 3,500, ஜிஎஸ்டி 630, ஆக 4,130 ரூபாய். நீங்கள் 5,000 கட்டினால் அசலில் கழிவது வெறும் 870 ரூபாய். வேறு எதையும் அந்தக் கார்டில் வாங்காமல், மாதம் 5,000 என்றே கட்டிவந்தாலும் கடன் தீர 43 மாதங்களுக்கு மேல் ஆகும். மொத்தம் கட்டியிருப்பது சுமார் 2.16 லட்சம்.

அதையே 8,000 ஆக்கிப் பாருங்கள். வட்டிக்குப் போவது அதே 4,130தான். கூடுதலாக வைத்த 3,000 ரூபாயும் அசலில் கழிவதால், முதல் மாதமே 3,870 குறைகிறது. 18 மாதங்களில் கடன் முடிந்துவிடும். மொத்தச் செலவு 1.44 லட்சத்துக்குள். மாதம் 3,000 ரூபாயைத் தேடிப் பிடிப்பதில் மிச்சமாவது 72,000 ரூபாய். சிக்கன பட்ஜெட்டின் வேலை அந்த 3,000-ஐக் கண்டுபிடிப்பது.

முதலில் கார்டுக்கு ஓய்வு

பாக்கி வைத்திருப்பவருக்கு வட்டியில்லா நாட்கள் என்ற சலுகை கிடையாது. பழைய பாக்கி தீரும்வரை, இன்று கார்டைத் தேய்த்து வாங்கும் மளிகைக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும். அதனால் கடனை அடைக்கும் காலத்தில் அந்தக் கார்டில் எதுவும் வாங்கக் கூடாது. ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்த கார்டு எண்ணை நீக்குங்கள். ரூபே கார்டை யுபிஐயோடு இணைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், டீக்கடை ஸ்கேன்கூடக் கடனில் போய்ச் சேரலாம். வங்கி ஆப்பிலேயே ஆன்லைன் பரிவர்த்தனையை நிறுத்திவைக்கவும் வசதி உண்டு.

பட்ஜெட் எங்கே உடைகிறது?

மாதம் 45,000 ரூபாய் கைக்கு வரும் நான்கு பேர் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாடகை 9,000, மளிகை, காய்கறி 9,000, பால் 2,000, கேஸ், மின்சாரம், போன் 2,500, பெட்ரோல், பஸ் 3,000, பள்ளிக் கட்டணத்துக்கு 5,000, மருந்து 1,500. கூட்டினால் 32,000. மீதி 13,000 இருக்கிறதே, அப்படியே கார்டுக்குக் கட்டிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் கணக்கு உடைகிறது.

ஆவணியிலும் தையிலும் வரிசையாகக் கல்யாணங்கள் வரும், மொய் வைக்காமல் இருக்க முடியாது. தீபாவளித் துணி, வண்டி இன்சூரன்ஸ், ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம், சீருடை. இவையெல்லாம் எதிர்பாராத செலவுகள் அல்ல, ஒவ்வொரு வருடமும் வருபவை. மாதப் பட்டியலில் இடம் இல்லாததால் கார்டில் போய் ஏறுகின்றன. ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 3,000 என்று தனியாக வைக்க வேண்டும். இன்னொரு 2,000 அவசரத்துக்கு. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடும் நாளில் மறுபடி கார்டை நீட்டாமல் காப்பது அந்தப் பணம்தான். மீதி 8,000-ஐச் சம்பளம் வந்த அன்றே கார்டுக்கு அனுப்பிவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதை அனுப்பலாம் என்றால் எதுவும் மிஞ்சாது.

இரண்டு மூன்று கார்டுகள் இருந்தால்? எல்லாவற்றுக்கும் மினிமம் டியூவைக் கட்டிவிட்டு, மீதியை ஒரே கார்டில் போடுங்கள். வட்டி அதிகமுள்ளதை முதலில் அடைப்பதே கணக்குப்படி லாபம். ஆனால் வட்டி விகிதங்கள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், சிறிய பாக்கியை முதலில் முடிப்பதால் பெரிய நஷ்டம் இல்லை. ஒரு கார்டு தீர்ந்த தெம்பும் கிடைக்கும்.

நகையை வைத்து அடைக்கலாமா?

வங்கியில் ஆண்டுக்கு 12 சதவீதத்தில் நகைக்கடன் கிடைத்தால், ஒரு லட்சத்துக்கு மாத வட்டி 1,000 ரூபாய். 4,130-க்குப் பதில் 1,000 என்பது நல்ல பேரம். அதே 8,000-ஐ மாதந்தோறும் கட்டினால் 14 மாதங்களுக்குள் நகை வீடு திரும்பிவிடும். ஆனால் கார்டை மறுபடி தேய்த்தால் நகையும் அடகில், கார்டிலும் பாக்கி என்று கடன் இரண்டாகும். தவணை தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். பாக்கியை இஎம்ஐயாக மாற்றித் தருவதாக வங்கியே சொன்னால், வட்டியோடு பிராசஸிங் கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ‘பாதி கட்டுங்கள், முடித்துக்கொள்ளலாம்’ என்ற செட்டில்மென்ட் கடைசி வழி. முழுதாக அடைக்கவில்லை என்பது சிபில் அறிக்கையில் பதிவாகி, பிறகு வீட்டுக்கடன் கேட்கும்போது குறுக்கே நிற்கும்.

உங்கள் பக்கம் உள்ள விதிகள்

ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, தாமதக் கட்டணத்தை மொத்த பில்லுக்கு அல்ல, கெடு தேதிக்குப் பிறகு கட்டாமல் நிற்கும் தொகைக்கு மட்டுமே கணக்கிடலாம். வசூல் ஏஜென்டுகள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது. மீறினால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

பாக்கியை முழுவதும் அடைத்தபின் கார்டை ரத்து செய்யக் கேட்டால், 7 வேலை நாட்களுக்குள் வங்கி மூடித்தர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். ஒரு கார்டாவது வேண்டும் என்று நினைப்பவர்கள், முழு பில் தொகையும் தானாகவே கணக்கிலிருந்து கழியும்படி ஏற்பாடு செய்துவிட்டு வைத்துக்கொள்ளட்டும்.