நந்தி மலையில் ஓர் அபூர்வப் பறவை: கூட்டை நெருங்காதீர்கள்!

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் ஜோகுபாளையத்தில் பொழுது விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிவிடும். வாரம் முழுவதும் ஆபீசிலும் ஆலையிலும் உழைத்த இளைஞர்கள், நந்தி மலையில் சூரிய உதயம் பார்க்கப் புறப்படுகிறார்கள். பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோ மீட்டர் பயணம். மலையின் உயரம் 1,478 மீட்டர்.

அங்கே போகிறவர்கள் சூரியனைப் பார்க்கிறார்கள். பனிமூட்டத்தைப் பார்க்கிறார்கள். திப்பு சுல்தான் காலத்துக் கோட்டையைப் பார்க்கிறார்கள். ஆனால் பாறை இடுக்கில் முளைத்த புதர்களில் பாடித் திரியும் ஒரு சின்னப் பறவை பலர் கண்ணில் படுவதில்லை. மஞ்சள் தொண்டைச் சின்னான் என்பது அதன் பெயர். அதற்காகவே கேமராவும் கையுமாக மலை ஏறுகிறவர்களும் உண்டு.

யார் இந்தப் பாடகன்?

நம் ஊரில் கொண்டைக்குருவி என்றும் சின்னான் என்றும் சொல்கிறோமே, அதன் உறவுக்காரன்தான் இது. கன்னடத்தில் இந்த இனத்துக்குப் பிகளார என்று பெயர். இதற்குக் கொண்டை கிடையாது. தலை மஞ்சள் கலந்த பச்சை. தொண்டை பளிச்சென்ற மஞ்சள். முதுகு சாம்பல் கலந்த பச்சை. அத்திப்பழம், காட்டுப் பழங்கள், பூச்சிகள் இவையே உணவு.

சென்னை ராஜதானியில் டாக்டராக வேலை பார்த்த ஜெர்டன் என்ற ஆங்கிலேயர் 1845-ம் ஆண்டில் இதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. நந்தி மலை, ராமநகரக் குன்றுகள், ஆந்திராவின் ஹார்ஸ்லி மலை, நம் சேலத்துச் சேர்வராயன் மலை ஆகிய இடங்களில் வாழ்கிறது. அழியும் அபாயத்தை எதிர்நோக்கும் பறவைகளின் உலகப் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு.

கருங்கல் குவாரிக்காகக் குன்றுகளை உடைப்பதும், விறகுக்காகப் புதர்களை வெட்டுவதும், காட்டுத் தீயும் இதற்குப் பெரிய எதிரிகள். அவற்றைத் தடுப்பது சர்க்கார் கையில் இருக்கிறது. ஆனால், ஆசையோடு பார்க்க வருகிறவர்களால் நேரும் தொல்லையைத் தடுப்பது நம் கையிலேயே இருக்கிறது.

படம் எடுத்தால் என்ன தப்பு?

"தூர நின்று ஒரு படம் எடுப்பதில் என்ன தப்பு?" என்று கேட்கலாம். பறக்கும்போதும் பழம் தின்னும்போதும் எடுத்தால் தப்பில்லை. கூட்டில் இருக்கும்போதுதான் வினை.

சின்னான் வகைப் பறவைகள் ஏறத்தாழ இரண்டு வாரம் அடைகாக்கும். குஞ்சு பொரிந்த பிறகு, ஏறக்குறைய இன்னும் இரண்டு வாரத்தில் கூட்டை விட்டுக் கிளம்பும். இந்த ஒரு மாதம்தான் கண்டம். மனிதன் அருகில் நின்றால் தாய்ப் பறவை கூட்டுக்குத் திரும்பாது. வெயிலில் முட்டை சூடேறும், குளிரில் விறைக்கும். குஞ்சுகள் பசியால் துவளும்.

படம் தெளிவாக விழவேண்டும் என்று சிலர் கூட்டை மறைக்கும் இலையை ஒடித்துவிடுகிறார்கள். அந்த இலைதான் காக்கையின் கண்ணிலிருந்து குஞ்சைக் காப்பாற்றி வந்தது. கேமராக்காரர் போன பிறகு காக்கை வரும்.

இன்னொரு தந்திரம், செல்போனில் அதே பறவையின் குரலை ஒலிக்க விடுவது. தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று ஆண் பறவை ஓடி வரும். படம் கிடைத்துவிடும். ஆனால் இரை தேட வேண்டிய நேரம், இல்லாத எதிரியோடு மல்லுக்கட்டுவதில் வீணாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் "வேட்டை" என்ற சொல்லுக்கு விளக்கம் இருக்கிறது. காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டைக்கோ கூட்டுக்கோ தொந்தரவு கொடுப்பதும் அந்தச் சட்டப்படி வேட்டைதான். துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்பதில்லை. சிறைத் தண்டனைக்கும் அபராதத்துக்கும் சட்டத்தில் இடமுண்டு.

பிரிட்டனில் 1981-ல் வந்த சட்டம், குறிப்பிட்ட அரிய பறவைகளைக் கூட்டருகே நெருங்கித் தொந்தரவு செய்து படமெடுக்க லைசென்ஸ் வேண்டும் என்கிறது. பறவைக் கணக்கு சேர்க்கும் ஈபேர்ட் என்ற உலக அமைப்பு, ஆபத்தில் உள்ள சில பறவைகள் இருக்கும் இடத்தைப் பொதுமக்களுக்குக் காட்டாமல் மறைத்தே வைக்கிறது.

பார்க்கும் முறை

பறவையே நமக்கு எச்சரிக்கை கொடுக்கும். அலகில் புழுவை வைத்துக்கொண்டு, கூட்டுக்குப் போகாமல் கிளைக்குக் கிளை தாவுகிறதா? விடாமல் கீச்சிட்டுக் கத்துகிறதா? அப்படியானால் நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள். உடனே பின்வாங்க வேண்டும்.

பைனாகுலர் இருந்தால் தூரத்திலிருந்தே பார்க்கலாம். பாதையை விட்டுப் புதருக்குள் இறங்கக் கூடாது. பிளாஷ் வெளிச்சம் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. ஒருவர் பத்துப் பேருக்குச் சொன்னால், அடுத்த ஞாயிறு அந்தப் புதரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும்.

வீட்டிலும் இதே விதிதான்

நந்தி மலைக்குப் போகாதவர்களுக்கும் இது பொருந்தும். பெங்களூர் வீடுகளில் ரோஜாத் தொட்டியிலும் வராந்தாக் கொடியிலும் சாதாரணச் சின்னான் கூடு கட்டுவதுண்டு. ஜோகுபாளையத்துச் சந்து வீட்டில் அப்படிக் கூடு தெரிந்தால், குழந்தைகளைத் தூக்கிக் காட்டாமல் ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டியை இடம் மாற்றாதீர்கள். பூனை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனிதன் கை பட்டால் தாய் குஞ்சை ஒதுக்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியல்ல. இறகு முளைக்காத குஞ்சு தவறிக் கீழே விழுந்திருந்தால், மெதுவாக எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிட்டு விலகிவிடலாம்.

ஒரு மாதம் பொறுத்தால் போதும். குஞ்சுகள் இறகு முளைத்து வெளியே வந்துவிடும். பிறகு கிளையில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தையே படம் பிடிக்கலாம். மஞ்சள் தொண்டைச் சின்னானுக்கும் அந்த ஒரு மாதத்தைக் கொடுத்தால், நந்தி மலைக்கு அடுத்த வருஷம் போகிறவர்களும் அதன் பாட்டைக் கேட்பார்கள்.